பெங்களூர்ல இருந்து மும்பை ரெபாசிட்டரிக்கு ஒரு பேஜ் எடுக்க 40 செகண்ட், லைன் ஸ்பீட ஏத்தியும் ஒண்ணும் ஆகல

ராகிமுத்தே_ரசிகன் | திங்கள் இரவு 11:42

வணக்கம் மக்களே, ரெண்டு வாரமா தலைய பிச்சிக்கிட்டு இருக்கேன், யாராவது வழி சொல்லுங்க. எங்க கம்பெனியோட கன்டென்ட் ரெபாசிட்டரி (வெப்சைட் டேட்டாவ மரம் மாதிரி அடுக்கி வெக்கற கிடங்கு) ஜாக்ராபிட்ங்கற ஜாவா சாஃப்ட்வேர், 2.20 வரிசை. முன்னாடி பொம்மனஹள்ளி ஆபீஸ்ல வெப் ஆப்பும் ரெபாசிட்டரியும் ஒரே ரேக்குல பக்கத்து பக்கத்துல இருந்துச்சு, பேஜ் ஒரு செகண்ட்ல வந்துரும், ஒருத்தரும் வாய தொறக்கல. போன மாசம் ரெபாசிட்டரிய மட்டும் மும்பை டேட்டா சென்டருக்கு தூக்கிட்டாங்க, ஆப் இங்கயே இருக்கு. கனெக்‌ஷன் ஆர்எம்ஐ, அதாவது ஒரு ஜாவா ப்ரோக்ராம் தூரத்துல இருக்கற இன்னொரு ஜாவா ப்ரோக்ராம கூப்பிடற முறை, அத வெச்சவர் இப்ப கனடால, மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் வருது.

இப்ப ஒரு ப்ராடக்ட் பேஜ் ஓப்பன் ஆக 40 செகண்ட். மேனேஜர் பாத்தாரு, லைன் ஸ்பீடு கம்மினு சொல்லி 100 எம்பி லைன 500 எம்பி ஆக்கிட்டாரு. இப்ப 39 செகண்ட். அந்த ஒரு செகண்டுக்கு மாசம் எவ்ளோ பில்லு வருதுனு சொன்னா அழுதுருவீங்க. மும்பைக்கு பிங் போட்டா (ஒரு தடவ போயிட்டு வர்ற நேரம்) 28 மில்லி செகண்ட் தான் காட்டுது, அது நல்லா தானே இருக்கு?

சில்க்போர்டு_சிக்னல் | திங்கள் இரவு 11:50

40 செகண்டா? எங்க ஏரியால ஒரு சிக்னலுக்கு 40 செகண்ட்ல பச்ச விழுந்தா தேங்கா உடைப்போம்

பிங்_பாண்டி | செவ்வாய் காலை 7:15

28 மில்லி செகண்ட் நல்ல பிங் தான் ப்ரோ, அதுல குத்தம் இல்ல. பெங்களூர் மும்பை நேர்கோட்டுல சுமார் 850 கிலோமீட்டர், ஃபைபர்ல வெளிச்சமே செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தான் ஓடும், அதனால போயிட்டு வர்றதுக்கே எட்டரை மில்லி செகண்ட் ஆகும், கேபிள் நேரா போகாது வளைஞ்சு வளைஞ்சு போகும், நடுவுல ரூட்டர் எல்லாம் இருக்கு, சோ 28 ஓகே. அத 500 எம்பி லைன் போட்டாலும் 10 ஜிபி லைன் போட்டாலும் குறைக்க முடியாது. ரோடு அகலம் வேற, தூரம் வேற.

கேள்வி என்னன்னா ஒரு பேஜுக்கு எத்தன தடவ மும்பை போயிட்டு வர்ற? அத எண்ணாம எதையும் தொடாத. ஆர்எம்ஐல எண்றது ஈஸி, ரெபாசிட்டரி சர்வர ஸ்டார்ட் பண்ணும்போது ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.லாக்கால்ஸ்னு ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கு, அத ட்ரூனு குடு, வர்ற ஒவ்வொரு காலுக்கும், அதாவது ஒவ்வொரு தடவ கூப்பிடறதுக்கும், எரர் அவுட்புட்ல ஒரு வரி விழும். ப்ரொடக்‌ஷன்ல நாள் பூரா விட்றாத, டிஸ்க் ரொம்பி வேற இழை ஓப்பன் பண்ண வேண்டி வரும்.

டோக்கன்_நம்பர்_47 | செவ்வாய் காலை 9:20

பாண்டி சொன்னது கரெக்ட். நம்ம ஊர் தர்ஷினில சாப்பிடுறப்ப கவுன்ட்டர்ல ஒரே தடவ நின்னு ரெண்டு இட்லி ஒரு வடை ஒரு காபினு பில் போட்டு ஒரே டோக்கன்ல வாங்கிக்குவோம்ல. ஆர்எம்ஐ என்ன பண்ணும்னா முதல்ல இட்லிக்கு க்யூல நிக்கும், வாங்கிட்டு வந்து டேபிள்ல வெச்சிட்டு மறுபடி சட்னிக்கு க்யூ, அப்புறம் சாம்பாருக்கு க்யூ, ஸ்பூனுக்கு தனி க்யூ.

நோட்ங்கறது அந்த மரத்துல ஒரு கிளை, ப்ராப்பர்ட்டி அதுல இருக்கற ஒரு தகவல். உன் கோட்ல கெட் நோட்னு போட்டா உன் கைக்கு வர்றது நோடே இல்ல, மும்பைல இருக்கற நோடுக்கு ஒரு ரிமோட் கன்ட்ரோல் தான் வருது. அதோட பேர் கேட்டா ஒரு ட்ரிப், டைட்டில் ப்ராப்பர்ட்டி கேட்டா ஒரு ட்ரிப், அந்த ப்ராப்பர்ட்டியோட ஸ்ட்ரிங் வேல்யூ கேட்டா இன்னொரு ட்ரிப். ஒரே ரேக்குல இருந்தப்போ ஒரு ட்ரிப் அர மில்லி செகண்டுக்கும் கீழ, அதான் எவனுக்கும் உறைக்கல.

ராகிமுத்தே_ரசிகன் | செவ்வாய் மாலை 6:05

எண்ணிட்டேன். ஒரு பேஜுக்கு 1,412 கால். 1,412 பெருக்கல் 28 மில்லி செகண்ட் = 39.5 செகண்ட். அப்டியே அச்சு அசலா வந்து நிக்குது, கால்குலேட்டர பாத்து ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஆனா ஒரு பேஜ்ல 60 காம்போனென்ட் தான் இருக்கு, 1,412 எங்கருந்து வருதுனு இன்னும் ஜீரணம் ஆகல.

மல்லிகை_மூணுமுழம் | செவ்வாய் மாலை 6:40

60 காம்போனென்ட், ஒவ்வொண்ணுக்கும் பத்து பன்னண்டு ப்ராப்பர்ட்டி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால், போட்டுப் பாருங்க தம்பி வந்துரும். ஹேஸ் ப்ராப்பர்ட்டினு செக் பண்ணிட்டு அப்புறம் கெட் பண்றீங்கன்னா அது இன்னொரு கால்.

ஹலசூர்_பழசு | செவ்வாய் இரவு 9:30

தம்பி, நான் இந்த ஜேசிஆர் ஸ்பெக் (ஜாவா ரெபாசிட்டரிக்கான பொது விதி, ஜாக்ராபிட் அத வெச்சு தான் எழுதினது) 2005-ல ஜேஎஸ்ஆர் 170னு வந்தப்ப இருந்து இதுல உருண்டுக்கிட்டு இருக்கேன். அப்ப டே சாஃப்ட்வேர்னு ஸ்விஸ் கம்பெனி, டேவிட் நூஷெலர் தான் ஸ்பெக் லீட், 2009-ல ரெண்டாவது வெர்ஷன் ஜேஎஸ்ஆர் 283 வந்துச்சு, அடுத்த வருஷம் அந்த கம்பெனிய அடோபி வாங்கிட்டாங்க. ஆர்எம்ஐ லேயர் அந்த ஆரம்ப காலத்து சமாச்சாரம். ஏபிஐய அப்டியே கம்பி மேல போட்டாங்க, அவ்ளோதான். ஒரே எடத்துல ஒரு நல்ல காரியம் பண்ணிருக்காங்க, சைல்ட் நோட் லிஸ்ட் கேட்டா ஒண்ணொண்ணா அனுப்பாம நூறு நூறா கட்டி அனுப்பும். ஆனா அந்த நூறும் டோக்கன் சொன்ன ரிமோட் கன்ட்ரோல் தான், பேர் கேக்க மறுபடி நூறு ட்ரிப்.

ஸ்லோங்கறது கூட பரவால்ல, இன்னொரு பெரிய வம்பு இருக்கு. 2023-ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, சிவிஇ-2023-37895. ஆர்எம்ஐ வழியா ஜாவா ஆப்ஜெக்ட அனுப்பி சர்வர்ல யார் வேணா கோட் ஓட்டலாம். 2.20.10 வரைக்கும் இருக்கற எல்லாத்துலயும் அந்த ஓட்டை உண்டு, 2.20.11-ல அடைச்சாங்க. நீ 2.20 வரிசைனு மொட்டையா சொன்ன, கடைசி நம்பர் என்னனு மொதல்ல பாரு. அப்புறம் ஆர்எம்ஐயோட 1099 போர்ட்ட மூடிட்டேன்னு நிம்மதியா தூங்கிடாத, வெப் ஆப்போட எச்டிடிபி பாதைலயும் ஸ்லாஷ் ஆர்எம்ஐனு ஒரு கதவு இருக்கும், அதையும் பாக்கணும்.

தீர்வு ஆர்எம்ஐய தூக்கு, டேவ்எக்ஸுக்கு மாறு. அதாவது வெப்டேவ் (வெப் வழியா ஃபைல படிக்க எழுத ஒரு முறை) மேல ஜாக்ராபிட் ஆளுங்க சேத்த எக்ஸ்டென்ஷன். வெப் ஆப்ல ஸ்லாஷ் சர்வர்ங்கற பாதைல ஏற்கனவே ஓடிக்கிட்டு தான் இருக்கும். ஸ்லாஷ் ரெபாசிட்டரினு பக்கத்துல ஒண்ணு இருக்கும், அது ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல மவுன்ட் பண்ற சாதா வெப்டேவ், அதுல போய் மாட்டிக்காத. க்ளையன்ட்ல ஜேசிஆர்-டூ-டேவ் ஜார போட்டு ஜேசிஆர்யூட்டில்ஸ்ல கெட் ரெபாசிட்டரிக்கு அந்த யுஆர்எல்ல குடுத்தா போதும், உன் கோட் மாறாது.

சில்க்போர்டு_சிக்னல் | செவ்வாய் இரவு 9:41

அண்ணா 2005-ல நான் மூணாங்கிளாஸ்

ஹலசூர்_பழசு | செவ்வாய் இரவு 9:44

அதான் இன்னும் சிக்னல்லயே நிக்கற

ராகிமுத்தே_ரசிகன் | வியாழன் மதியம் 2:10

அண்ணா நம்பர் பாத்தேன், 2.20.4. வயிறு கலங்கிருச்சு. நேத்து நைட்டே 2.20 வரிசைல இருக்கற கடைசி வெர்ஷனுக்கு ஏத்தி டேவ்எக்ஸ்க்கும் மாத்திட்டேன். முன்னாடி நெட்வொர்க் டீம்ல ஆர்எம்ஐக்காக எத்தன போர்ட் தொறந்து வெச்சிருந்தாங்கனு பாத்தா ஆயிரத்துக்கு மேல, ஏன்னா 1099 வெறும் ரெஜிஸ்ட்ரி தானாம், நிஜ ஆப்ஜெக்ட் எல்லாம் கண்ட போர்ட்ல போய் உக்காருமாம். இப்ப ஒரே ஒரு 443.

டைம் 40-ல இருந்து 14.5 செகண்ட் ஆயிருக்கு. சந்தோஷம் தான் ஆனா ஆபீஸ்ல ஒருத்தனும் சிரிக்கல. முன்னாடி நிக்கற வெப் சர்வர் எஞ்சின்எக்ஸோட ஆக்ஸஸ் லாக்ல எண்ணினா பேஜுக்கு 130 ரிக்வெஸ்ட். பாண்டி கணக்குப்படி 130 பெருக்கல் 28 = 3.6 செகண்ட் தானே வரணும், மீதி 11 செகண்ட் எங்க போச்சு?

ஹொசூர்_டு_ஈசிட்டி | வியாழன் மாலை 4:30

பஸ்ல இருந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. 14.5 செகண்ட 130-ஆல வகுத்து பாரு, ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 112 மில்லி செகண்ட், அதாவது கரெக்டா நாலு ட்ரிப். எனக்கு இந்த நாலு நல்லா தெரிஞ்ச நாலு. டிசிபி கனெக்‌ஷன் போட ஒரு ட்ரிப், டிஎல்எஸ் 1.2 (என்க்ரிப்ஷன்) கை குலுக்க ரெண்டு ட்ரிப், அப்புறம் நிஜ ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு. உன்னோட ஒவ்வொரு ரிக்வெஸ்டும் புது கனெக்‌ஷன் போடுது. எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்ல கீப்அலைவ் டைம்அவுட் (ஒரு கனெக்‌ஷன எவ்ளோ நேரம் மூடாம வெக்கறதுனு) என்ன போட்ருக்குனு பாரு, டிஃபால்ட் 75 செகண்ட், எவனாவது 0 ஆக்கி வெச்சிருப்பான்.

அப்டியே டிஎல்எஸ் 1.3 ஆன் பண்ணிடு, அதுல கை குலுக்க ஒரே ட்ரிப் தான். அப்புறம் ஜிஜிப் (டேட்டாவ சுருக்கி அனுப்பறது) ஆன் பண்ணிருக்கேன்னு சொல்லுவ, ஆனா எஞ்சின்எக்ஸ் டிஃபால்ட்டா எச்டிஎம்எல்ல மட்டும் தான் கம்ப்ரஸ் பண்ணும், ஜேசான் (டேட்டாவ டெக்ஸ்டா எழுதற வடிவம்) வேணும்னா ஜிஜிப் டைப்ஸ்ல தனியா எழுதணும். டேவ்எக்ஸ் அனுப்பறது பூரா ஜேசான். நாங்க ஒரு வருஷம் இது தெரியாம ஓட்டினோம்.

ராகிமுத்தே_ரசிகன் | வியாழன் மாலை 5:15

0 தான்!!! பக்கத்துல கமெண்ட் வேற, டெம்பரரி 2019னு. கனடாக்காரர். 75 ஆக்கினேன், இப்ப 4 செகண்ட். ப்ரோ உங்களுக்கு அத்திபெலே டோல் தாண்டினதும் ஒரு டீ என் கணக்குல.

மல்லிகை_மூணுமுழம் | வியாழன் இரவு 8:20

தம்பி, 4 செகண்ட்ல நிறுத்தாதீங்க, டேவ்எக்ஸோட நிஜமான லாபத்த நீங்க இன்னும் தொடவே இல்ல. 130 ரிக்வெஸ்டே ஜாஸ்தி. டேவ்எக்ஸ்ல ஒரு நோட கேக்கும்போது அதுக்கு கீழ எத்தன படி ஆழத்துக்கு சேத்து அனுப்பணும்னு சொல்லலாம், யுஆர்எல் கடைசில புள்ளி நாலு புள்ளி ஜேசான்னு வந்தா நாலு படி கீழ வரைக்கும் ஒரே பதில்ல வந்துரும். இதுக்கு பேர் பேட்ச் ரீட். உங்க லாக்ல அந்த நம்பர் என்ன வருதுனு பாத்து சொல்லுங்க, அப்டியே உங்க கோட்ல செஷன் ரெஃப்ரெஷ் எங்கெல்லாம் கூப்பிடறீங்கனும் ஒரு தேடு தேடுங்க.

ராகிமுத்தே_ரசிகன் | வெள்ளி காலை 10:50

அக்கா, ரெஃப்ரெஷ் ஒவ்வொரு காம்போனென்ட் ரெண்டர் ஆகறதுக்கு முன்னாடியும் இருக்கு. 60 தடவ. பழைய டேட்டா வந்துரக் கூடாதுனு எவனோ பயந்து போட்ருக்கான்.

இன்னொண்ணு, சர்வர்ல பேட்ச்ரீட் ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு ஃபைல் இருந்துச்சு, அதுல ஆழத்த மாத்தி ரீஸ்டார்ட் எல்லாம் பண்ணேன், லாக்ல அந்த நம்பர் துளி கூட அசையல.

மல்லிகை_மூணுமுழம் | வெள்ளி காலை 11:30

அசையாது, எல்லாரும் விழற குழி அது, நானும் 2 நாள் விழுந்து கெடந்தேன். சர்வர்ல இருக்கற அந்த ஃபைல் எப்ப வேல செய்யும்னா, கேக்கறவங்க ஆழம் எதுவும் சொல்லாம கேட்டா மட்டும் தான். நம்ம ஜாவா க்ளையன்ட் எப்பவும் நம்பர போட்டு தான் கேக்கும், அதனால சர்வர் ஃபைல திரும்பி கூட பாக்காது. மாத்த வேண்டியது க்ளையன்ட் பக்கம். பேட்ச்ரீட்கான்ஃபிக்னு ஒரு சின்ன இன்டர்ஃபேஸ், அதுல ஒரே மெத்தட், பாத்த குடுத்தா ஆழத்த திருப்பி தரணும். அத எழுதி ரெபாசிட்டரி ஃபேக்டரிக்கு மேப்ல ஆப்ஜெக்டா குடுக்கணும், வெறும் யுஆர்எல் மட்டும் குடுக்கற ஷார்ட்கட்ல இது முடியாது.

ரெஃப்ரெஷ் விஷயம்: க்ளையன்ட் ஏற்கனவே கொண்டு வந்தத எல்லாம் கைல வெச்சிருக்கும், நீங்க ரெஃப்ரெஷ்னு சொன்ன உடனே அது எல்லாத்தையும் செல்லாதுனு மார்க் பண்ணிட்டு மறுபடி மும்பைக்கு ஓடும். 60 காம்போனென்ட்டுக்கு 60 தடவ ஓடுது. பேஜ் ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ பண்ணுங்க, ஒரு பேஜ் ரெண்டர் ஆகற ஒரு செகண்ட்ல எடிட்டர் எதயாச்சும் மாத்திட்டா அடுத்த லோட்ல வந்துட்டு போகட்டும். அதே மாதிரி ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு தடவ லாகின் பண்ணி லாக்அவுட் பண்ணா கேஷே, அதாவது கைல வெச்சதே, தங்காது, ரீட் மட்டும் பண்ற செஷன்கள ஒரு பூல்ல வைங்க. ஒரே செஷன ரெண்டு த்ரெட்டுக்கு குடுத்துராதீங்க ஆனா.

டோக்கன்_நம்பர்_47 | வெள்ளி மதியம் 1:05

எனக்கு ஒரு டவுட், இவ்ளோ வித்த எதுக்கு? ரெபாசிட்டரி பக்கத்துல மும்பைலயே ஒரு சின்ன சர்வீஸ் எழுதி வெச்சா, பேஜ் பாத் குடுத்தா வேண்டிய ஜேசான மட்டும் குடுக்கும், ஒரே ட்ரிப், முடிஞ்சுது. கோட டேட்டா பக்கத்துல அனுப்பு, டேட்டாவ கோட் பக்கத்துல இழுக்காத.

ஹலசூர்_பழசு | வெள்ளி மதியம் 1:40

புதுசா கட்டறதா இருந்தா நானும் அதான் சொல்லுவேன், தகராறே இல்ல. ஆனா தம்பிகிட்ட இருக்கறது பழைய ஆப், நூறு எடத்துல நோட நேரா தொட்டு எழுதின கோட், அத மாத்த ஆறு மாசம் ஆகும், கம்பி பக்கம் மாத்த ஆறு நாள். ஸ்லிங் (ஜேசிஆர் மேல ஓடற வெப் ஃப்ரேம்வொர்க்) இருந்தா நீ சொல்ற சர்வீஸ் எழுதவே வேணாம், பாத்துக்கு பின்னாடி இன்ஃபினிட்டி ஜேசான்னு போட்டா மொத்த மரமும் வரும், ஆனா டிஃபால்ட்டா 200 நோடுக்கு மேல போனா குடுக்காது, 300னு ஸ்டேட்டஸ் கோட் குடுத்து எந்தெந்த ஆழத்துல கேக்கலாம்னு லிஸ்ட் நீட்டும். அத பப்ளிக்கா தொறந்து வெச்சவன் கதையும் எனக்கு தெரியும், அது இங்க வேணாம்.

ராகிமுத்தே_ரசிகன் | சனி இரவு 12:30

ஒரு தப்பு பண்ணிட்டேன், திட்டாதீங்க. அக்கா சொன்ன மாதிரி கிளாஸ் எழுதினேன், ஆழம் எவ்ளோ போடலாம்னு யோசிச்சு எதுக்கு வம்பு எல்லாமே வரட்டும்னு மைனஸ் ஒண்ணு போட்டேன், அதாவது அடி வரைக்கும். முதல் ரிக்வெஸ்ட் ரூட் நோட கேட்டுச்சு. மும்பை சர்வர் ஃபேன் சத்தம் இங்க கேக்காத குறை. அப்புறம் புத்தி வந்து ப்ராடக்ட் ஃபோல்டருக்கு மட்டும் அடி வரைக்கும்னு மாத்தினேன், ஒரே பதில் 38 எம்பி, 22 ஆயிரம் ஐட்டம். இதுல காமெடி என்னன்னா அது வந்து சேந்த அப்புறமும் க்ளையன்ட் மறுபடி மறுபடி மும்பைக்கு போகுது. எல்லாத்தையும் தான் கொண்டு வந்தாச்சே, ஏன் போகுது?

மல்லிகை_மூணுமுழம் | சனி காலை 8:05

திட்டல, சிரிச்சேன். மறுபடி ஏன் போகுதுன்னா, வந்த ஐட்டத்த எல்லாம் வெக்கற டப்பா சின்னது. ஐட்டம்இன்ஃபோ கேஷ்னு பேரு, டிஃபால்ட் 5,000. நீங்க 22 ஆயிரத்த கொட்டினா முதல்ல வந்த 17 ஆயிரம் வழிஞ்சு கீழ போயிரும், உங்க பேஜுக்கு வேண்டியது அந்த வழிஞ்சதுல இருக்கும். அஞ்சு லிட்டர் குடத்துல டேங்கர் லாரி தண்ணிய பிடிச்ச கதை, நம்ம ஊர்ல கோடைல டேங்கருக்கு காசு குடுத்தவங்களுக்கு அந்த வலி புரியும்.

அதனால ஆழத்தயும் அந்த டப்பாவயும் சேத்து தான் யோசிக்கணும். எல்லா பாத்துக்கும் ஒரே நம்பர் போடறது தான் தப்பு. பேஜோட கன்டென்ட் நோட கேக்கும்போது உள்ள இருக்கற காம்போனென்ட் எல்லாம் எப்படியும் வேணும், அதுக்கு 4 இல்ல 5 குடுங்க. ஃபோல்டர் லிஸ்ட், மெனு மாதிரி பாத்துக்கு 1 போதும், குழந்தைங்க பேர் தெரிஞ்சா போதும் பேரன் பேத்தி வரைக்கும் எதுக்கு. ரூட்டுக்கும் சிஸ்டம் பாத்துக்கும் 0, ஏன்னா வெர்ஷன் ஹிஸ்டரி எல்லாம் அங்க தான் குடியிருக்கு, அத கிளறினா நேத்து ராத்திரி கத தான். டப்பாவ 20 ஆயிரமா ஏத்தலாம், ஆனா அது ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனி, பூல்ல 30 செஷன் இருந்தா 30 டப்பா, ஹீப்ப (ஜாவாவோட மெமரிய) பாத்துக்கோங்க.

உங்க ப்ராடக்ட் ஃபோல்டர்ல ஒரே நோடுக்கு கீழ எத்தன குழந்தைங்க? பத்தாயிரத்த தாண்டுச்சுன்னா ஜாக்ராபிட் 2 தானே தடுமாறும், ரிமோட்டா இருந்தாலும் லோக்கலா இருந்தாலும். எழுத்து வாரியாவோ வருஷ வாரியாவோ உள்ள ஃபோல்டர் பிரிச்சிருங்க.

சில்க்போர்டு_சிக்னல் | சனி காலை 8:30

அக்கா சொல்றத பாத்தா ஜேசிஆர் மாதிரி இல்ல, கல்யாண சமையல் கான்ட்ராக்ட் மாதிரி இருக்கு

பிங்_பாண்டி | சனி காலை 9:10

கேஷ் கதைய விட்டுட்டு ஒரு கேள்வி, சிலர் ரெபாசிட்டரிய விட்டுட்டு அதோட டேட்டாபேஸ மட்டும் தூரத்துல வெச்சு ஜாவா எஞ்சின லோக்கலா ஓட்றாங்களே, அது எப்படி? ஓக்கும் (ஜாக்ராபிட்டோட அடுத்த தலைமுறை) மாங்கோவும் (ஒரு டேட்டாபேஸ்) அப்டி ஓட்டலாம்னு ஒருத்தன் சொன்னான்.

ஹொசூர்_டு_ஈசிட்டி | சனி காலை 10:25

அத பண்ணினவனே நான் தான், அடி வாங்கினவனும் நான் தான். லாக்டவுன் டைம்ல ஹொசூர்ல வீட்ல இருந்து விபிஎன் போட்டு, லேப்டாப்ல ஓக் ஓட்டி, ஆபீஸ் மாங்கோல நேரா இன்னொரு க்ளஸ்டர் நோடா சேத்தேன். மாங்கோவுக்கு போற ரீட் எல்லாம் குட்டி குட்டியா ஆயிரக்கணக்குல போகும், ஆர்எம்ஐ கதையே தான், என்ன பேர் மட்டும் புதுசு. அது கூட பொறுத்துக்கலாம். ஒரு நாள் கரண்ட் போச்சு, ரூட்டர் செத்துச்சு, லேப்டாப்ப மூடிட்டு தோசை சாப்ட போயிட்டேன். ஓக் க்ளஸ்டர்ல ஒவ்வொரு நோடும் நான் உயிரோட இருக்கேன்னு மாங்கோல எழுதிட்டே இருக்கணும், லீஸ்னு சொல்வாங்க, 120 செகண்ட். அதுக்குள்ள புதுப்பிக்கலன்னா அது செத்ததா கணக்கு, மத்த நோடு வந்து அதோட பாதில நின்ன வேலைக்கு ரெகவரி ஓட்டும். நான் திரும்ப வந்து தொறந்தா என் ஓக் தானே கதவ மூடிக்கிச்சு, ஆபீஸ்ல டெஸ்ட் சர்வர் ரெகவரில மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. ஸ்டாண்ட்அப்ல என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. டேட்டாபேஸும் எஞ்சினும் ஒரே வீட்ல இருக்கட்டும், தூரம்னு ஒண்ணு வேணும்னா எஞ்சினுக்கும் ஆப்புக்கும் நடுவுல இருக்கட்டும்.

ராகிமுத்தே_ரசிகன் | திங்கள் காலை 11:15

அக்கா சொன்ன மாதிரியே பாத் வாரியா ஆழம் போட்டேன், ரெஃப்ரெஷ் ஒண்ணு ஆச்சு, கேஷ் 12 ஆயிரம், பூல்ல 8 செஷன். பேஜுக்கு 130 ரிக்வெஸ்ட் இருந்தது 9 ஆச்சு. டைம் 1.1 செகண்ட். பழைய ஆபீஸ் ரேக்குல இருந்த ஸ்பீடு கிட்டத்தட்ட வந்துருச்சு, 850 கிலோமீட்டர் தள்ளி. டீம்ல ஒருத்தன் கேஷ்ல இருந்து பழசு காட்டுதானு மூணு தடவ எடிட் பண்ணி செக் பண்ணான்.

இப்ப ரெண்டு பிரச்சன மிச்சம். ஒண்ணு, எடிட்டர்ஸ் பிடிஎஃப் ஏத்தினா 413 எரர் (அனுப்பறது ரொம்ப பெருசுனு) வருது, ஆர்எம்ஐல வரல. ரெண்டு, நைட் இம்போர்ட் ஜாப், 6 ஆயிரம் ப்ராடக்ட் எழுதறது, இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடுது.

ஹொசூர்_டு_ஈசிட்டி | திங்கள் மதியம் 12:40

413 எஞ்சின்எக்ஸ், க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் டிஃபால்ட் 1 எம்பி. அந்த லொகேஷனுக்கு மட்டும் ஏத்து, மொத்த சர்வருக்கும் ஏத்தாத.

ஹலசூர்_பழசு | திங்கள் மதியம் 1:20

இம்போர்ட் கோட்ல ஒவ்வொரு ப்ராடக்டுக்கும் ஒரு சேவ் இருக்கும், பாக்காமலே சொல்றேன். டேவ்எக்ஸ்ல நீ சேவ் கூப்பிடற வரைக்கும் மாத்தினது எல்லாம் உன் பக்கம் தான் சேந்துட்டு இருக்கும், சேவ்ல எல்லாத்தையும் ஒரே டிஃப்பா, அதாவது மாத்தினதோட லிஸ்ட்டா, கட்டி ஒரே போஸ்ட்ல அனுப்பும். அந்த டிஃப்ப ஒரு தடவ கண்ணால பாரு, அழகா இருக்கும், புது நோடுக்கு வரி ஆரம்பத்துல ப்ளஸ், ப்ராப்பர்ட்டி மாத்தினா ஒரு தொப்பி குறி, அழிச்சா மைனஸ், நகத்தினா அம்பு. 500 ப்ராடக்டுக்கு ஒரு சேவ் போடு. 6 ஆயிரத்தையும் ஒரே சேவ்ல திணிச்சா நடுவுல ஒண்ணு தப்பினா மொத்தமும் போச்சு, மெமரியும் தாங்காது.

ஏற்கனவே இருக்கற ப்ராடக்டா புதுசானு ஒவ்வொண்ணுக்கும் நோட் எக்ஸிஸ்ட்ஸ் கேக்கறியா? அது 6 ஆயிரம் ட்ரிப். ஆரம்பத்துலயே ஒரு க்வெரி போட்டு கோட் நம்பர் எல்லாத்தையும் செட்ல எடுத்துக்கோ. க்வெரி ரிசல்ட்ல நோட தொடாத, ரோவ்ல காலம் வேல்யூவா எடு, ரோவ்லயே அந்த வேல்யூ சேந்து வந்துருக்கும். கெட் நோட்னு போட்ட உடனே மறுபடி மும்பை டிக்கெட் எடுக்கணும்.

டோக்கன்_நம்பர்_47 | திங்கள் மதியம் 2:00

பெரிய ஃபைல் விஷயம் ஒண்ணு சேத்துக்கறேன். பேட்ச் ரீட்ல ஃபைலோட உள்ளடக்கம் வராது, ஜேசான்ல அதோட சைஸ் மட்டும் தான் வரும், நிஜ பைட் வேணும்னா தனி ரிக்வெஸ்ட். அதனால ஆழத்த ஏத்தினா 200 எம்பி வீடியோ சேந்து வந்துருமோனு பயப்பட வேணாம். ஆனா அந்த வீடியோவ ஆப் வழியா இழுத்து யூசருக்கு குடுக்கறது வீண். ஓக் 1.10-ல இருந்து டைரக்ட் பைனரி ஆக்ஸஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபைல் கிளவுட்ல எஸ்3லயோ அஷூர்லயோ இருந்தா ஒரு கையெழுத்து போட்ட யுஆர்எல்ல குடுத்துரும், ப்ரவுசர் நேரா அங்க போய் எடுத்துக்கும். ஜாக்ராபிட் 2-ல இது கிடையாது, அடுத்த மைக்ரேஷன் பேச்சு வரும்போது ஞாபகம் வெச்சுக்கோ.

புதுவரவு_கேஆர்புரம் | திங்கள் மாலை 7:45

நடுவுல வர்றேன் மன்னிக்கவும். எங்ககிட்ட ஜாக்ராபிட் இல்ல, ஆல்ஃப்ரெஸ்கோங்கற வேற ரெபாசிட்டரி, சிஎம்ஐஎஸ்ங்கற பொது முறைல கனெக்ட் பண்றோம். இதே மாதிரி ஸ்லோ. இங்க சொன்னது எதாச்சும் செட் ஆகுமா?

மல்லிகை_மூணுமுழம் | திங்கள் இரவு 8:30

வாங்க. வைத்தியம் அதே தான், மாத்திர பேர் வேற. அட்டாம்பப் பைண்டிங்ல இருந்தா சிஎம்ஐஎஸ் 1.1-ல வந்த ப்ரவுசர் பைண்டிங்குக்கு மாறுங்க, எக்ஸ்எம்எல் போய் ஜேசான் வரும். ஓப்பன்சிஎம்ஐஎஸ்ல ஆபரேஷன் கான்டெக்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல எந்தெந்த ப்ராப்பர்ட்டி வேணும்னு மட்டும் எழுதுங்க, அனுமதி லிஸ்ட், ரெண்டிஷன், அலவ்டு ஆக்‌ஷன்ஸ் எல்லாம் தேவையில்லனா அணைச்சிருங்க, ஒரு பேஜுக்கு டிஃபால்ட் 100 ஐட்டம், உங்க லிஸ்ட் பெருசுன்னா ஏத்துங்க. ஆனா மொதல்ல பாண்டி சொன்னது தான், ரிக்வெஸ்ட எண்ணிட்டு வந்து நம்பர் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

ராகிமுத்தே_ரசிகன் | புதன் இரவு 10:20

அப்டேட். இம்போர்ட் ரெண்டு மணி நேரத்துல இருந்து 7 நிமிஷம். அண்ணா பாக்காமலே சொன்னது அப்டியே இருந்துச்சு, சேவ் லூப்புக்குள்ள, நோட் எக்ஸிஸ்ட்ஸ் அதுக்கு மேல. 413 போச்சு. மேனேஜர் லைன மறுபடி 100 எம்பிக்கு இறக்க ஒத்துக்கிட்டார், ஆனா கான்ட்ராக்ட் ஒரு வருஷமாம், அதனால பதினோரு மாசம் 500 எம்பிலயே இருப்போம். ஆபீஸ்ல எல்லாரும் கிரிக்கெட் பாக்கறாங்க, தடங்கல் இல்லாம ஓடுது.

ஹலசூர்_பழசு | புதன் இரவு 10:35

எல்லாம் சரி. ஸ்லாஷ் ஆர்எம்ஐ கதவ மூடினியா இல்லையா?

ராகிமுத்தே_ரசிகன் | புதன் இரவு 10:52

…இப்ப தான் பாத்தேன், தொறந்து கெடந்துச்சு. வெப் எக்ஸ்எம்எல்ல இருந்து அந்த சர்வ்லெட்டயே தூக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இப்ப 404 வருது ணா.

ஹலசூர்_பழசு | புதன் இரவு 10:53

போய் தூங்கு